பென்சிலின் சேராது

எங்கள் கடற்கரையில் முத்துக் குளிப்பு நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. இன்றைக்குத் தூத்துக்குடியில் முத்து எடுக்கிற ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். சீழ் பிடித்த குடல்வாலைத் திறந்தால் சில சமயம் உள்ளே உருண்டையாக, கெட்டியாக, கொஞ்சம் மினுமினுப்பாகக்கூட ஒன்று கிடக்கும். மலம் இறுகிக் கல்லானது. அதுதான் வாலின் வாயை அடைத்துக்கொண்டு இத்தனை கூத்தையும் ஆரம்பித்து வைத்திருக்கும். இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். நல்ல சத்தம். விலைதான் போகாது.

நான் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர். போர்டில் இதைவிட மரியாதையாக எழுதியிருக்கிறது. ஊரில் ‘பிள்ளைகள அறுக்குத டாக்டர்’ என்பார்கள். ஒருமுறை காயல்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ என்னை அப்படி அறிமுகப்படுத்த, எதிரே உட்கார்ந்திருந்த சின்னப் பையன் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டான். அவன் இலையில் வைத்திருந்த வட்டிலாப்பம் என்ற முட்டை இனிப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போனான். விவரமானவன்.

அறுப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை. இதைச் சொல்லும்போது என் மனைவி, “வெளிய சொல்லாதிய, ஆளு வராது” என்பாள். ஆனாலும் உண்மை அதுதான். குடல்வால் வெடித்துவிட்டது என்றால், வீட்டுக்குள் சாக்கடைக் குழாய் உடைந்த மாதிரி. உடைந்த குழாயைக் கழற்றி எறிவது என் வேலை. அது சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகு மூலைமுடுக்கெல்லாம் போய் ஒளிந்திருக்கும் அழுக்கைக் கழுவ வேண்டியது மருந்து. எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியது மறுபடியும் நான். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. பவர். “நல்ல பவரா எழுதுங்க சார்.” ஐந்நூறு மில்லிகிராமைவிட அறுநூற்று இருபத்தைந்துக்குப் பவர் கூட. மாத்திரையைவிட ஊசிக்கு, ஊசியைவிட டிரிப்ஸுக்கு. டிரிப்ஸிலும் மஞ்சள் கலரில் இறங்கினால் அது தனி. ஜனங்களைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டாக்டர்களும் அப்படித்தான். பயந்துபோன டாக்டரின் கை தானாகவே இருக்கிறதில் பெரிய மருந்தின் பெயரை எழுதும். என் கைக்கும் அந்த வியாதி உண்டு. இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பிள்ளை என் அறைக்குள் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. தரையில் கம்மலைத் தொலைத்தவள் மாதிரி குனிந்து, வலது பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தாள். நாலாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூட டீச்சர், நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். குடியிருப்பு முத்தையாபுரம். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் பார்த்திருக்கிறார்கள். கோலி சோடா பார்த்திருக்கிறார்கள். மருந்துக் கடை அண்ணாச்சி ‘கேஸு’ என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் வலி சட்டென்று குறைந்ததாம். எல்லாரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்களாம்.

குடல்வாலில் வலி சட்டென்று குறைந்தால் ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது. அது வெடித்திருக்கும்.

ஸ்கேனிலும் அப்படியே வந்தது. அன்று சாயங்காலமே ஆபரேஷன் என்று சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார். அப்பா, “எவ்வளவு பெருசு சார் கீறல்?” என்று கேட்டார். பிள்ளைதான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாள்.

“வால் குரங்குக்குத்தான இருக்கும்? எனக்கு எதுக்கு இருக்கு?”

“எல்லாருக்கும் இருக்கும்மா.”

“ஒங்களுக்கு?”

“இருக்கு.”

அவள் என்னை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதை நம்பிக்கொண்டாள். வேகமாகவே நம்பினாள்.

மருந்து ஆரம்பிக்கும் முன்னால் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அலர்ஜி ஏதாவது இருக்கிறதா என்பது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் தூசி, ஏசி, மாமியார் வீட்டுத் தண்ணீர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆகையால் நான் நம் வழக்கப்படியே கேட்பேன்.

“சேராத மருந்து ஏதாவது உண்டா டீச்சர்?”

டீச்சர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் ஒரு உப்புக் கம்பெனியின் படம் தவிர ஒன்றும் கிடையாது.

“பென்சிலின் சேராது சார்” என்றார் டீச்சர்.

நான் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். ரொம்பக் கவனமான டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன். சேரவில்லை என்றால் என்ன ஆனது என்று கேட்கிற அளவுக்கு மட்டும் கவனம் வரவில்லை.

பென்சிலின் குடும்பத்தையே ஒதுக்கிவிட்டு, செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும் போட்டேன். வெடித்த குடல்வாலுக்கு இந்த ஜோடி பெரும்பாலும் போதும். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ‘டிங்’ சத்தமும் கேட்டது. மறுநாள் பிள்ளை கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டாள். அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

காய்ச்சல் மட்டும் போகவில்லை.

காலையில் பார்த்தால் சாதாரணமாக இருப்பாள். சாயங்காலம் ஆனதும் ஏறும். டீச்சர் தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்ப்பது பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி இருக்கும். அரைப் புள்ளிகூட விட்டுக்கொடுக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாதரசத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நான் பாஸ் ஆகவில்லை என்று தெரியும். நான் மறுபடி ஸ்கேன் பார்த்தேன். குடலுக்கு இடையில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ் கட்டியிருந்தது. சேர வேண்டாதது சேர்ந்துவிட்டது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு உறிஞ்சி எடுத்து, அதைச் சோதனைக்கு அனுப்பினேன். எடுத்த அன்று கொஞ்சம் தேவலை போல இருந்தது. பிறகு மறுபடி சாயங்காலக் காய்ச்சல்.

இது இப்படியே போனால் என்ன ஆகும் என்பதைப் பெற்றவர்களை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். மருந்து சரியாகப் பிடித்தால் சீழ் வற்றிவிடும். பிடிக்காவிட்டால் திரும்பவும் சேரும். திரும்பவும் சேர்ந்தால் வயிற்றை இன்னொரு முறை திறக்க வேண்டும். அதைத் தாங்குகிற உடம்பாக அப்போது அவள் இல்லை. மெலிந்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பேச்சு குறைந்துவிட்டது. எனக்கு அதுதான் பயம். என்னைக் கேலி செய்கிற பிள்ளை கேலியை நிறுத்தினால் நான் தூங்க மாட்டேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. அப்பா என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார்.

“சார், கேக்குதேன்னு தப்பா நெனைக்காதிய. இதவிடப் பவர் கூடுன மருந்து இல்லியா?”

“இருக்கு.”

“பின்ன ஏன் அத வெளிய எடுக்காம வச்சிருக்கிய?”

நியாயமான கேள்விதான். மெரோபெனம் என்று ஒன்று அலமாரியில் இருந்தது. என் கை அதன் பக்கம் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததும் உண்மை. ஆனால் எந்தக் கிருமி என்று தெரியாமல் பெரிய மருந்தை எடுத்து வீசுவதில் எனக்கு இஷ்டமில்லை. வீசி வீசியே நிறையக் கிருமிகளை நாம் பயில்வான் ஆக்கிவிட்டோம். இதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று நினைத்தேன். எதிரில் இருப்பவர் தொழிலை வைத்து உவமை சொல்லுவது என்னிடமுள்ள கெட்ட பழக்கங்களில் ஒன்று.

“அண்ணாச்சி, கப்பல்ல இருந்து ரெண்டு டன் சரக்க இறக்கணும். அதுக்குப் போயி நூறு டன் கிரேன கொண்டு வந்து நிறுத்துவியளா?”

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“சும்மா நின்னுதுன்னா நிறுத்துவோம் சார். எது சும்மா நிக்கோ அதத்தான் போடுவாவ.”

“சரி.”

“சின்ன கிரேனுக்குக் காத்துக் கெடந்தா கப்பலு போயிரும்லா.”

“சரி, அண்ணாச்சி.”

கிரேன் ஓட்டுகிறவர்களிடம் கிரேன் உவமை சொல்வதை அன்றோடு விட்டேன். மீன் ஏலம் விடுகிறவர்களிடம் மீன் உவமையை ஏற்கெனவே விட்டிருந்தேன். உப்பளக்காரர்கள் மட்டும்தான் இப்போது பாக்கி.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது லேபிலிருந்து போன் வந்தது. அங்கே கிருமிகளைப் பார்க்கிற டாக்டர் என்னோடு படித்தவன். ஒரே ஹாஸ்டல், பக்கத்துப் பக்கத்து அறை. என்னிடம் மரியாதை என்ற சாமானை ஒருநாளும் பயன்படுத்தாதவன்.

“ஏல, ஒன் சீழ்ல ரெண்டு பேரு குடியிருக்கானுவ.”

“என் சீழ் இல்ல. பிள்ளையோடது.”

“எவன் சீழோ. மொத ஆளு ஒழுங்கானவன். நீ போடுத மருந்துக்குக் கட்டுப்படுவான். ரெண்டாவது ஆளு எண்டரோகாக்கஸ். ஒன் செஃப்ட்ரியாக்சோன அவன் சட்ட பண்ணவே மாட்டான். நீ பாட்டுக்கு ஏத்திக்கிட்டு இரி, அவன் பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருப்பான்.”

“மெரோபெனம்?”

“ஒடனே பெரிய மருந்துக்குத் தாவாத. இவன்கிட்ட அத நம்ப முடியாது. பழைய ஆம்பிசிலின் போடு, செத்துருவான். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அலமாரியின் மேல்தட்டில் நின்ற மருந்துக்கு அடங்காதவன், கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த மருந்துக்கு அடங்குவானாம். அந்தப் பழைய மருந்தோ பென்சிலின் குடும்பத்துப் பிள்ளை.

“இவளுக்குப் பென்சிலின் சேராது.”

“யாரு சொன்னா?”

“அவங்க அம்மா.”

“என்ன ஆச்சாம்?”

“சேரலியாம்.”

“அதான் என்ன ஆச்சுன்னு கேக்குதேன். தடிப்பா? மூச்சு முட்டிச்சா? மொகம் வீங்கிச்சா?”

“கேக்கல.”

“கேக்கலியா?”

“சேராதுன்னு சொன்னாவ. எழுதிக்கிட்டேன்.”

“ஏல, ஒனக்கும் எனக்குந்தான் சேராது. அதுக்காவ எனக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிக்கிட்டா வருது?”

போனை வைத்துவிட்டான். மாற்று மருந்து இல்லாமல் இல்லை. வான்கோமைசின் இருந்தது. ஆனால் அதை மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையின் கையில் ஊசி குத்த இடம் தேடுவதே ஏற்கெனவே பெரும்பாடாக இருந்தது. உண்மையிலேயே அலர்ஜி என்றால் அதைத்தான் போட வேண்டும், வேறு பேச்சே இல்லை. பென்சிலினால் மூச்சு அடைத்துப்போன ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்த விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராது. ஆக, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய் நின்றது. சேராது என்றால் என்ன?

வார்டுக்குப் போனேன். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“டீச்சர், பென்சிலின் சேராதுன்னு சொன்னியள்ளா. அத எப்பம் குடுத்தாவ?”

“மூணு வயசுல சார். தொடையில கட்டி வந்துது. கீறி விட்டுட்டு, பென்சிலின் வகைன்னு சொல்லி ஒரு சிரப் எழுதிக் குடுத்தாவ.”

“குடிச்ச ஒடனே ஒடம்புல தடிப்பு வந்துதா?”

“இல்ல சார்.”

“அரிப்பு?”

“இல்ல.”

“மூச்சு எளச்சுதா? ஒதடு, கண்ணு வீங்கிச்சா?”

“இல்ல சார்.”

“வாந்தி, பேதி?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்பம் எப்படி டீச்சர் சேராதுன்னு சொல்லுதிய?”

டீச்சர் வேதாகமத்தின் அட்டையைத் தடவினார். அப்பா காலண்டரைத் தேடினார். வார்டில் காலண்டர் இல்லை. ஆகையால் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தார்.

“கட்டி ஆறல சார்” என்றார் டீச்சர். “ஒண்ணு ஆறுததுக்குள்ள பக்கத்துல இன்னொண்ணு மொளச்சுது. அதான்.”

“அது மருந்து போதாம இருந்திருக்கும். கட்டி ஆறலேங்குதது வேற, சேராதுங்குதது வேற.”

“தெரியும் சார்.”

தெரியும் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிபடவில்லை. பாடம் எடுக்கிறவர் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தால் அதில் ஏதோ இருக்கிறது.

“ஏளா, சொல்லிரு” என்றார் அப்பா.

“நீங்க சொல்லுங்க.”

“நீதான சேராதுன்ன? நீயே சொல்லு.”

“ஏங்க, நீங்கதான வீட்ல மொதல்ல சொன்னிய?”

“நான் சும்மா சொன்னேன். நீதான் அத எழுதுத அளவுக்குக் கொண்டு வந்த.”

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில் பேசினார்.

“சார், சேராதுன்னு நான் சொன்னது மருந்த இல்ல.”

“பின்ன?”

“எழுதிக் குடுத்தவங்க கைய.”

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. சில டாக்டர் கை சிலருக்குச் சேரும், சிலருக்குச் சேராது. கைராசி. இதற்காகக் குலசேகரன்பட்டினத்திலிருந்து மூன்று ஆஸ்பத்திரியைத் தாண்டி வருகிறவர்கள் உண்டு. என்னைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. ஆகவே நான் ஆறுதலாகவே கேட்டேன். கொஞ்சம் ஆவலாகவும் கேட்டேன் என்று வையுங்கள். பக்கத்துத் தெரு டாக்டரின் கை சேராது என்று கேட்பதில் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

“யாரு டீச்சர் எழுதிக் குடுத்தா?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு இறக்கையில் சத்தம் உண்டு. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

“நீங்கதான் சார்” என்றார் அப்பா.

எனக்கு நினைவே இல்லை. தொடையில் கட்டியோடு வருகிற மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தக் காலத்தில் நான் இன்னொரு ஆஸ்பத்திரியில் சாயங்காலம் மட்டும் உட்கார்ந்துகொண்டிருந்தேன். தலையில் முடியும் இருந்தது. அவர்கள் மட்டும் எப்படி அடையாளம் கண்டார்கள் என்று கேட்டேன்.

“கொரல வச்சு” என்றார் டீச்சர். “‘சேராத மருந்து ஏதாவது உண்டா’ன்னு அன்னைக்கும் இதே மாதிரிதான் கேட்டிய.”

“அத என்கிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“எப்படி சார் சொல்ல? பிள்ளை வயித்த அறுக்கப் போறிய. ஒங்க முன்னால உக்காந்துக்கிட்டு, ஒங்க கை எங்களுக்குச் சேராதுன்னு எந்த வாயால சொல்ல? அதான் மருந்து மேல போட்டேன். மருந்துக்கு மனசு இல்லல்லா.”

இதைவிட மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.

“நான்தான்னு தெரிஞ்ச பெறகு ஏன் வேற டாக்டர்ட்ட கொண்டு போகல?”

“அன்னைக்கு மத்தியானம் நீங்க ஒருத்தர்தான் சார் இருந்திய” என்றார் அப்பா. ஆறுதல் சொல்லுகிற குரலில்தான் சொன்னார்.

ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். திரும்பாமலே, “நானும் அப்பமே சொன்னேன்” என்றாள். மூன்று வயதில் அவள் என்ன சொல்லியிருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் வாயைத் திறந்து இப்படி ஒன்று சொன்னது எனக்குத் தேவையாக இருந்தது.

சரி, என் மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்குத் திரும்பினேன். ஒரு மருந்து கட்டியை ஆற்றவில்லை என்பதால் அது அலர்ஜி இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. தடிப்பு வருவதற்குள்ளேயே ஒரு மூடி, இரண்டு மூடியோடு நிறுத்தியிருக்கலாம்.

“அந்த சிரப்ப எவ்வளவு குடிச்சா?”

“அர பாட்டிலு. அப்புறம் நிறுத்திட்டு நாசரேத்துல ஒரு டாக்டர்ட்ட போனோம். அவரு கைதான் எங்க குடும்பத்துக்கே சேரும்.”

“அவரு என்ன குடுத்தாரு?”

“வேற சிரப் சார். பாட்டில் முழுக்கக் குடிச்சா. காலிப் பாட்டில கழுவி வச்சு, அதுல மணி போட்டு வெளையாடுவா. கட்டி போன எடம் தெரியல.”

“அது பேரு ஞாவகம் இருக்கா?”

டீச்சர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. எழுத்துப் பிசகாமல் பெயரைச் சொன்னார். நான் கொடுத்ததன் பெயரையும் சொன்னார். இரண்டையும் காகிதத்தில் அடுத்தடுத்து எழுதி, உள்ளே இருக்கிற மருந்து எது என்று அவர்களுக்குச் சொன்னேன். இரண்டும் அமாக்ஸிசிலின். பென்சிலின் குடும்பத்தில் ஆம்பிசிலினுக்கு நேர் உடன்பிறப்பு. ஒரே மருந்து. கம்பெனி வேறு, கை வேறு.

“நெசமாவா சார்?” என்றார் அப்பா.

“நெசந்தான்.”

“பாத்தியா” என்று அவர் மனைவியிடம் சொன்னார். “அப்பம் மருந்துல ஒண்ணும் இல்ல. கைதான்.”

இதை நிரூபித்துக் கொடுத்தவனே நான்தான்.

முழுப் பாட்டில் குடித்து, ஒரு தடிப்பும் இல்லாமல், அதில் மணி போட்டு விளையாடிய பிள்ளைக்கு ஆம்பிசிலின் போடலாம். இருந்தாலும் முதல் ஊசிக்கு முன்னால் தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மூச்சு அடைத்தால் போடுகிற அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்தேன். ஆக்சிஜனைத் திறந்து பார்த்தேன். செய்யப் போவதைப் பெற்றவர்களிடம் விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு டீச்சர் ஒன்றைக் கேட்டார். கேட்கும் முன் கழுத்துச் சங்கிலியை ஒரு முறை சரி செய்துகொண்டார்.

“ஊசிய சிஸ்டர் போடட்டுமா சார்?”

“போடட்டும்.”

“நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடக் கூடாது.”

“இல்ல டீச்சர்.”

“நீங்க இங்கனயே நில்லுங்க சார்” என்றார் அப்பா. “போயிராதிய. ஆனா தொட வேண்டாம்.”

சிஸ்டர் ஊசியை வாங்கிக்கொண்டார். என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பை முகக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கொஞ்சமாக உள்ளே போனது. பொறுத்திருந்தோம். இன்னும் கொஞ்சம். மறுபடி பொறுத்திருந்தோம். இவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. அறுப்பதற்குக் கை இருக்கிறது. நிற்பதற்கு ஒன்றுமே இல்லை. கொசு கடித்த இடமெல்லாம் எனக்குத் தடிப்பாகத் தெரிந்தது. அவள் மூக்கைச் சொறிந்தபோது என் கண் அட்ரினலின் இருந்த தட்டுக்குப் போனது. கணக்கெல்லாம் சரிதான், முழுப் பாட்டில், மணி, எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பாட்டிலை நான் பார்க்கவில்லை. ஒரு டீச்சரின் ஞாபகத்தை நம்பித்தான் இந்த ஊசி போய்க்கொண்டிருந்தது.

“சார்” என்றாள் பிள்ளை.

“என்னம்மா? மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?”

“என்னய அப்படி முழிச்சிப் பாக்காதிய. சிரிப்பு வருது. சிரிச்சா தையல் வலிக்கி.”

டீச்சர் அவள் வாயைப் பொத்தப் போனார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ஊசி முழுவதும் போய் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. நான் தட்டை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. இன்னும் நெடுநேரம் அங்கேயே நின்றேன். அப்பா எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளி.

அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. டீச்சர் தெர்மாமீட்டரை என்னிடம் காட்டவில்லை, துடைத்து உறைக்குள் போட்டுவிட்டார். ஒரு வேளை மருந்தில் காய்ச்சல் ஓடிவிடாது என்று அவரிடம் சொன்னேன். சொன்னது அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை. மறுநாளும் ஏறியது, ஆனால் தாமதமாக ஏறி, சீக்கிரம் இறங்கியது. அதற்கடுத்த சாயங்காலம் நான் வார்டு வாசலில் நின்றபோது டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பாதரசத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு வெளியே போனார். வராந்தாக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். முகத்தில் அவ்வளவு அழுக்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு ஸ்கேனில் எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் ஆனது. நெல்லிக்காய் பட்டாணி ஆனது. பிறகு ரேடியாலஜி டாக்டர் தேடியும் கிடைக்கவில்லை. வயிற்றை இரண்டாவது முறை திறக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது, டீச்சர் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னார். இந்த முறை ஸ்தோத்திரம் சரியான இடத்தில்தான் விழுந்தது. பிள்ளை புரோட்டா கேட்டாள். இட்லி என்றேன். சால்னா தொட்டுக்கொண்டு இட்லி என்று பேரத்துக்கு வந்தாள். அவள் பேரம் பேசிய வேகத்தைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

வார்டில் எல்லாரிடமும் டீச்சர், “சிஸ்டர் கை நல்ல கை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். லேபில் இருக்கும் என் நண்பனுக்கு இது எப்படியோ போய்ச் சேர்ந்தது. போன் செய்து, “ஏல, எண்டரோகாக்கஸுக்கு அடுத்தபடியா ஒனக்கும் சோதன போட்டுப் பாத்துருவமா? எந்தக் குடும்பத்துக்கு நீ கட்டுப்படுவன்னு” என்றான். வைத்துவிட்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு அவர்களை உட்கார வைத்து, சிவப்பு மையில் எழுதியதை அடித்தேன். பக்கத்தில் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் இரண்டும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் செய்யவில்லை என்று தெளிவாக எழுதினேன். பென்சிலின் சேராது என்று ஒரு பிள்ளை மேல் எழுதிவிட்டால் அது கல்யாணம் ஆகிற வரைக்கும், அதற்குப் பிறகும் கூடவே வரும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எளிய மருந்தை ஒதுக்கிவிட்டு வேறு எதையோ தேடுவார்கள். இதை டீச்சருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். நல்ல மாணவி.

“இனிமே எந்த டாக்டர் கேட்டாலும் நீங்க சரியா சொல்லணும். எங்க, நான் கேக்குதேன், சொல்லுங்க பாப்போம். பிள்ளைக்குச் சேராதது ஏதாவது உண்டா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் மனசில்லை, மரியாதையை விடவும் மனசில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

“மருந்துல ஒண்ணும் இல்ல சார்.”

சரியான விடைதான். எழுதிக்கொண்டேன். பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, வாசல் வரைக்கும் நேராக நடந்து போனாள். தையல் பிரிக்க வரும் நாளைக் கேட்டுக்கொண்டு போன டீச்சர், பாதி வழியில் திரும்பி வந்து, அன்றைக்கு அந்த சிஸ்டருக்கு டூட்டி உண்டா என்று கேட்டார்.